லயத்துக் கொல்லையிலிருந்து தாமான் வாசலுக்கு

கீரை விற்கிறவளுக்கு எதிரி பக்கத்துக் கடைக்காரன் இல்லை, வெயில்தான். விடியற்காலையில் நிமிர்ந்து நிற்கிற முருங்கைக்கீரை பத்து மணிக்குத் தலை சாய்ந்துவிடும். மத்தியானத்துக்குள் அதை விற்கிறவளும் அப்படித்தான். தலையில் சுமந்தோ, மோட்டார் சைக்கிளில் கட்டியோ, வேனில் ஏற்றியோ, வீடு வீடாகப் போய் நின்று “இன்னிக்கு என்ன இருக்கு?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லிப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன்.

என் பெயர் சரசு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் நாள் முழுக்கப் பூதக்கண்ணாடிக்குள் கண்ணை வைத்து வேலை பார்த்தேன். கண் எரிச்சல் தாங்காமல் விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் ராமு லாரி ஓட்டுகிறவர். அவரே எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்து, ஒரு பழைய நீல வேனையும் தேடிப் பிடித்தார். மலாக்கா டவுன் மொத்த மார்க்கெட்டில் காய்கறி எடுத்து, நாங்கள் குடியிருந்த பாயா ரும்புட் தாமான்களில், அந்த வரிசை வீட்டுக் குடியிருப்புகளில், வாசல் வாசலாக விற்பேன். காய்கறியெல்லாம் எங்கோ மலையில் விளைந்து லாரியில் வரும். யார் விதைத்தார்கள், எதைத் தெளித்தார்கள் என்று எனக்கும் தெரியாது, வாங்குகிறவர்களுக்கும் தெரியாது. நாங்கள் அதைப் பற்றி யோசித்ததும் இல்லை.

லாரி வராத காலை

ஒருநாள் மலைப்பாதையில் மண் சரிந்து லாரிகள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டன. மார்க்கெட்டில் வாடிப்போன முட்டைக்கோஸைத் தவிர ஒன்றும் இல்லை. வெறும் வேனோடு வீட்டுக்குப் போக மனம் இல்லாமல், ரெம்பியாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்த என் சின்னம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வண்டியைத் திருப்பினேன். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வீடு கொல்லை. பசலை, பாகல், புடலை, வெண்டை, வேலியெல்லாம் முருங்கை. அரைக்கீரை முற்றிப் பூத்துக் கிடந்தது. பறித்துத் தின்ன ஆளில்லை; பிள்ளைகள் எல்லாம் டவுனுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து வெறும் அரைமணி நேரத் தூரத்தில் தாமான் பெண்கள் நல்ல கீரை கிடைக்கவில்லை என்று என்னிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சின்னம்மா கொல்லையிலும் பக்கத்து இரண்டு வீட்டிலும் பறித்துக்கொண்டு திரும்பினேன். எங்கள் தெருமுனையில் இருந்த கமலா டீச்சர் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எதையும் சோதிக்காமல் வாங்க மாட்டார். இலையிலிருந்து பனி இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் சந்தேகம். கடைசியில் கேட்டார்: “ஏன் சரசு, இவ்வளவு ஃபிரெஷ்ஷா இருக்கே, யார் வீட்டு வேலியில கை வச்ச?”

பாக்கியம்மாவின் நிபந்தனை

அந்த லயத்திலேயே பெரிய கொல்லை பாக்கியம்மாவுடையது. ரப்பர் பால்வெட்டி ஓய்ந்தவர், புருசன் இல்லை, வாய்க்குப் பூட்டு இல்லை. அவரிடம் கேட்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். முன்பு ஒரு வியாபாரி தினமும் வருகிறேன் என்று சொல்லி நம்ப வைத்தானாம். இவரும் கூடுதலாக விதைத்தாராம். அறுப்புக்கு வந்த நேரத்தில் அவன் வரவே இல்லை. அத்தனையும் மாட்டுக்குப் போயிற்று. “நீயும் அவன் மாதிரிதான். ஆசை காட்டிட்டுப் போயிருவ” என்றார். நான் மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். மழை கொட்டிய ஒரு காலையில், குடையைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, ரோத்தான் பிரம்புக் கூடையை எடுத்து வெளியே வைத்தார்.

கூடை நிறையப் பசலையும் பாகற்காயும். மேலே வாழை இலையை ஈரமாக்கிப் போர்த்தியிருந்தார், தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி. நான் வண்டியில் ஏற்றும்வரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு கிட்டே வந்து சொன்னார்: “விக்காம வாடிப்போனா திரும்பக் கொண்டாந்து என்கிட்ட காட்டாத. எங்கயாவது புதைச்சிரு. எனக்குப் பார்க்கச் சக்தி இல்ல.”

ஓட்டை விழுந்த பயற்றங்காய்

ரெம்பியா மட்டும் போதவில்லை. வாரத்தில் சில நாள் தெற்கே மெர்லிமாவுக்கும் போனேன். அங்கே எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் முனியாண்டி அண்ணன் பயற்றங்காய் போட்டிருந்தார். கொடி கொடியாக, ஒரு புள்ளி இல்லாமல், கடையில் தொங்கவிடுகிற பெல்ட் மாதிரி பளபளவென்று இருந்தது. கிட்டே போனதும் மூக்கில் ஏறிய நெடியில் எனக்கு விசயம் புரிந்துவிட்டது. பூச்சிமருந்து. அவர் மனைவி செல்வி தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலைதான் செய்துகொண்டிருந்தாள். அவள் நகமெல்லாம் கறுத்து, ஓரம் பிய்ந்திருந்தது. கொல்லையின் கோடியில் வேலிக்கு ஒட்டினாற்போல் இன்னொரு வரிசை இருந்தது. அங்கே இலையெல்லாம் பூச்சி தின்று ஓட்டை. “இது ஏண்ணே இப்படி?” என்றேன். “அது வீட்டுக்கு, தங்கச்சி. புள்ளைங்க திங்கிறது. அதுக்கு மருந்து அடிக்கிறதில்ல.”

சொல்லிவிட்ட பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. நான் மெதுவாகச் சொன்னேன்: “எனக்கும் வீடுங்கதாண்ணே வாடிக்கை. அந்த வரிசையையே குடுங்க.” அவருக்குக் கோபம். மருந்து வாங்கத் துப்பில்லாமலா இருக்கிறேன், பார்க்க லட்சணமாக இருந்தால்தானே விலைபோகும் என்று கத்தினார். அன்று வெறுங்கையோடு திரும்பினேன். அடுத்த வாரம் போனபோது அவர் வெளியே வரவில்லை. செல்விதான் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “கோடி வரிசையில பறிச்சது” என்று மட்டும் சொன்னாள்.

சந்தோசமாகக் கொண்டுவந்தேன். ஆனால் விற்பது அவ்வளவு சுலபமா? நீங்களே வாங்கியிருக்க மாட்டீர்கள். ஒவ்வொரு வாசலிலும் மருந்தின் கதையைச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. கமலா டீச்சர் முழுக் கதையையும் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், செல்வியின் நகத்தைப் பற்றிக் கேட்டு உச்சுக்கொட்டினார். அப்புறம் ஒரு பயற்றங்காயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “நீ சொல்றது நூத்துக்கு நூறு சரி சரசு. இப்போ ஓட்டைக்குக் கழிச்சிக்கிட்டு விலை சொல்லு.”

மாடு செய்த மொத்தக் கொள்முதல்

ஓட்டைக் காயும் விலைபோவதைப் பார்த்து மருந்தை விட்ட முனியாண்டி அண்ணனுக்கு, உரத்தையும் கடையில் வாங்காமல் இருந்தால் நல்லது என்று பட்டது. அதற்கு வழி எனக்கு யோசித்து வரவில்லை. ஒரு பசு காட்டிக்கொடுத்தது. ரெம்பியாவில் வேனின் பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு பாக்கியம்மாவோடு பேசப் போயிருந்தேன். திரும்பி வந்தால், அந்த லயத்தில் மாடு வளர்க்கிற தங்கவேலு மாமாவின் பசு முன்கால் இரண்டையும் பம்பரில் ஏற்றி வைத்துக்கொண்டு அன்றைய கீரை முழுவதையும் முடித்துவிட்டு, கடைசிக் கட்டின் வாழைநாரை மென்றுகொண்டிருந்தது. மாமா ஓடி வந்தார். வெட்கத்தில் அவரால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “ஈடா என்னத்தம்மா குடுப்பேன்? சாணிதான் இருக்கு” என்றார். சும்மா சொன்னார். நான் நிஜமாகவே வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து மக்கிய சாணம் மூட்டை மூட்டையாக ரெம்பியாவிலிருந்து மெர்லிமாவுக்குப் போயிற்று. அங்கே கத்தரியும் பயறும் தளதளவென்று எழும்பின. முனியாண்டி அண்ணன் என்னோடு மறுபடி பேசத் தொடங்கினார். எல்லாம் நல்லதுதான், ஒரே வண்டி என்பதுதான் சிக்கல். என்னதான் கழுவி, எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தாலும் வேனுக்கு ஒரு குணம் வந்துவிட்டது. நான் ஹாரன் அடிப்பதற்கு முன்பே தெருவில் கதவு திறக்கும். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கமலா டீச்சர் சொன்னார்: “உனக்கு இனிமே ஹாரன் தேவையில்ல சரசு.”

வல்லாரையும் பெகாகாவும்

ரெம்பியா சாலையில் ஒரு கம்போங்கில், கிராமத்து வீட்டு வாசலில், மலாய்க்கார அம்மா ஒருவர் தினமும் நின்று வேனைப் பார்ப்பார். ஒருநாள் கையைக் காட்டி நிறுத்தினார். பெயர் ஜைனாப், நாம் அத்தை என்கிற மாதிரி நான் மக்சிக் என்று கூப்பிட்டேன். வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் ஓரத்தில் முளைக்கிற பெகாகாவை வாங்கிக்கொள்வாயா என்றார். பார்த்தால் நம்ம வல்லாரை. அவர்கள் அதைப் பச்சையாகச் சோற்றோடு கடித்துக்கொள்கிறார்கள், நாம் துவையல் அரைக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம். பரீட்சைக் காலம் என்பதால் எங்கள் தாமானில் ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் அத்தனையும் போய்விட்டது.

மறுநாள் நிறைய வேண்டும் என்று கேட்டேன். மக்சிக்குக்கு ஆச்சரியம். அவ்வளவையும் யார் சாப்பிடுகிறார்கள் என்றார். தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஞாபகசக்திக்காகக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவர் திரும்பி, வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார். “கல்யாணம் ஆன நாளிலிருந்து இவருக்கு இதைத்தான் குடுக்கிறேன்,” என்றார் மலாயில். “இன்னும் கடைக்கு அனுப்பினா என்ன வாங்க வந்தோம்னு மறந்துட்டுத்தான் வர்றாரு லா.”

வேன் வந்தால்தான் மெனு

டவுனில் வாழை இலைச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த கோவிந்தன் அண்ணாச்சி என் காய்களைப் பார்த்து மயங்கி, தினமும் போடச் சொன்னார். ஆனால் அவருக்குத் திங்கட்கிழமை காலிஃபிளவர், செவ்வாய்க்கிழமை கேரட் என்று சுவரில் எழுதி வைத்த முறை. கொல்லைக்குத் திங்கள் செவ்வாய் தெரியுமா? மழை பெய்தால் கீரை, வெயில் அடித்தால் பாகல், வாழை சாய்ந்தால் பூவும் தண்டும். “அண்ணாச்சி, முதல்ல வேன் வரட்டும், அப்புறம் சமையல முடிவு பண்ணுங்க” என்றேன். ஒரு வாரம் செய்து பார்க்கலாம் என்றார். வாழைத்தண்டுக் கூட்டுக்கும் பீர்க்கங்காய்ப் பொரியலுக்கும் ஆட்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து, சுவரில் இருந்ததை அவரே ஈரத்துணியால் அழித்தார். சாப்பிட்ட இலைகளும் காய்த்தோலும் குப்பைக்குப் போகாமல் என் வேனில் தங்கவேலு மாமாவின் மாடுகளுக்குத் திரும்பிப் போயின.

சமையல்காரர் சண்முகத்துக்குத்தான் இது பிடிக்கவே இல்லை. நான் பின்வாசலில் நின்றால் கரண்டியோடு வந்து கூடைக்குள் எட்டிப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். ஒருநாள் வேலியோரப் பிரண்டையைக் கொண்டுபோய் வைத்தேன். அதைக் கரண்டியாலேயே தள்ளி, புரட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “அடுத்தது என்ன, வேலியையே கொண்டாருவியா? சொல்லிரு, ஊறப் போட்டு வைக்கிறேன்.”

குளிரூட்டிய கடை

பிறகு எங்கள் பக்கம் பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்று திறந்தார்கள். காய்கள் எல்லாம் வெள்ளைத் தட்டில், பிளாஸ்டிக் போர்வையில், எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்து குளிரில் படுத்திருந்தன. என் வாசல்கள் ஒவ்வொன்றாக மூடின. ஹாரன் அடித்துவிட்டு நிற்பேன். திரைச்சீலை அசையும், ஆள் வராது. கமலா டீச்சர்கூட ஒருநாள் பிளாஸ்டிக் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வேனைத் தாண்டிப் போனார். பாக்கியம்மாவிடம் போய்க் கொஞ்சமாக அறுங்கள் என்று சொன்னேன். அவர் உடனே கூடையைச் சின்னதாக மாற்றினார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மீந்ததை யாருக்கும் தெரியாமல் மாட்டுக்குப் போட்டேன். ராமு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “வேற வேலை பார்க்கலாம் சரசு. கடை சாத்துறது அவமானம் இல்ல” என்றார். நான் ஒரு நாள், இன்னும் ஒரு நாள் என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு, கடலுக்கு அப்பால் காடுகள் எரிந்து, அந்தப் புகைமூட்டம் வந்தது. சூரியன் தெரியாமல் செடிகள் வெளுத்தன, எல்லோருக்கும் இருமல். அதை ஒட்டியே எங்கள் நாட்டுப் பணமான வெள்ளியின் மதிப்பு சரிந்து, வெளிநாட்டுக் காயெல்லாம் கண்ணால் மட்டும் பார்க்கிற விலைக்குப் போயிற்று. தாமானில் பல பேருக்கு ஓவர்டைம் நின்றது, சிலருக்கு வேலையே போயிற்று. யாருக்கும் நல்ல காலம் இல்லை. அப்போதுதான் திரைச்சீலைகளுக்குப் பின்னாலிருந்து ஆட்கள் வந்தார்கள். பாக்கியம்மாவின் கூடை மறுபடி பெரிதானது. கொல்லைக்காரர்கள் யாரும் விலையை ஏற்றவில்லை. “அவங்க வீட்லயும் அடுப்பு எரியணும்ல” என்று முனியாண்டி அண்ணனே சொல்லிவிட்டார். கமலா டீச்சர் கடைசியாகத்தான் வந்தார். கீரையை எடுத்தார், வைத்தார், எடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “கோவிச்சுக்காத சரசு. அங்க ஏ.சி. நல்லா இருந்துச்சு.”

போர்டு நட்ட தோட்டம்

இனி பயமில்லை என்று நினைத்த நேரத்தில், ரெம்பியாத் தோட்டத்தை விற்றுவிட்டதாகச் செய்தி வந்தது. வீடுகள் கட்டப் போகிறார்களாம். வாசலில் பெரிய போர்டு; அதில் சிவப்புக் கூரை போட்ட வீடும், புல்தரையில் சிரிக்கிற ஒரு குடும்பமும். லயத்து ஆட்களுக்கு வேறு இடத்தில் அடுக்குமாடி வீடு என்றார்கள். பார்க்கப் போனோம். நல்ல வீடுதான், குழாய்த் தண்ணீர், டைல்ஸ் போட்ட குளியலறை. ஆனால் மண் என்று சொல்ல ஒரு பிடி இல்லை. தங்கவேலு மாமா கார் நிறுத்துகிற இடத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். தார். மாடுகளை அந்த மாதமே ஒரு ஆளுக்கு விற்றுவிட்டார். லாரி கிளம்பியபோது அவர் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார். என் கீரையைத் தின்ற பசுவும் அதில் போயிற்று.

மறுநாள் காலையில் பாக்கியம்மா கொல்லையில் குனிந்து புதிதாக விதை தூவிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. “என்னம்மா இது, இடிக்கப் போறாங்க, இப்போ போய் விதைக்கிறீங்களே?” என்றேன். அவர் நிமிரவே இல்லை. “கீரை சீக்கிரம் வந்துரும்டி. கம்பெனிக்காரன் அவ்வளவு சீக்கிரம் வரமாட்டான்.”

மக்சிக்கின் பின்பக்கம்

நான் நிலம் தேடி அலைந்தேன். இரண்டு கோயில் கமிட்டியிடம் கேட்டேன். மண்டபம் கட்டுகிற யோசனை இருக்கிறது என்றார்கள். டவுனில் ஒரு தவுக்கே, சீன முதலாளி, ஒரே வருடத்துக்கு என்றால் பார்க்கலாம் என்றார்; ஒரு வருடத்தில் முருங்கை என்ன செய்யும்? ஒருநாள் பெகாகா எடுக்கப் போனபோது, என் முகத்தைப் பார்த்தே மக்சிக் ஜைனாப் விசயத்தை வாங்கிவிட்டார். என் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். நாலைந்து ரம்புத்தான் மரம், அதற்கு அப்பால் இடுப்பளவு புதர். ஒரு காலத்தில் அவர் புருசன் பயிர் செய்த இடமாம். முட்டி வலியோடு அவரும் உட்கார்ந்துவிட்டார், நிலமும் உட்கார்ந்துவிட்டது. “ரம்புத்தானைத் தொடாதீங்க. மத்ததை வெட்டிக்குங்க” என்றார்.

நாங்கள் பாராங் கத்தியோடு புதரை வெட்டத் தொடங்கிய வாரம், கோலாலம்பூரிலிருந்து அவர் மகன் வந்துவிட்டான். அவன் கெட்டவன் இல்லை. பயந்தவன். நாளைக்கு நிலத்தை விட்டு இறங்க மாட்டோம் என்று இவர்கள் சொன்னால் என்ன செய்வது என்று தாயிடம் கேட்டான். நாங்கள் காதில் விழாதது போல நின்றோம். பாக்கியம்மாவுக்கு மட்டும் கத்தி கையில் இறுகியது. வீட்டை விட்டு இறங்கச் சொல்லப்பட்டவரிடமே வந்து, இறங்க மாட்டேன் என்பாயோ என்று கேட்டால் எப்படி இருக்கும்? மக்சிக் குரலை உயர்த்தவில்லை. மகனிடம் ஒரு பாராங்கை நீட்டினார். “அப்போ நீ இங்கயே இருந்து புல்லை வெட்டு. இவங்களை இன்னிக்கே போகச் சொல்றேன்.”

மெதுவாக டீ குடித்தவர்

காலி செய்கிற நாளில் வேன் பத்து நடை போயிருக்கும். முருங்கைக் கிளைகள், வாழைக் கன்றுகள், கொடிப் பந்தல் கம்புகள். பாக்கியம்மா மண்ணையும் மூட்டையில் அள்ளினார். “மண்ணையுமாம்மா ஏத்தணும்?” என்று ராமு கேட்டதற்கு, “ஏன், உன் அப்பன் போட்டதா? நான் சாணி போட்டு வளர்த்த மண்ணு” என்று பதில் வந்தது. கடைசியாகக் கறிவேப்பிலை மரம். வேர் இறங்கிக் கிடந்தது. சுற்றிலும் தோண்டத் தோண்ட வரவில்லை. மழை வேறு பிடித்துக்கொண்டது.

அப்போது மண்வாரி இயந்திரம் லயத்தின் கோடியிலிருந்து உறுமிக்கொண்டு வந்து, வேலிக்கு வெளியே நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு தமிழர், நடுவயசு. பாக்கியம்மா எழுந்திருக்கவில்லை, சேற்றில் உட்கார்ந்து இரண்டு கையாலும் வேரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் எங்களைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். எங்களுக்கு உதவி செய்ய வருகிறார் என்று நினைத்தேன். வரவில்லை. பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்க மரத்தடிக்குப் போனார். போகும்போது திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “நான் ரொம்ப மெதுவாத்தான் டீ குடிப்பேன் அக்கா. நீங்க வேர் அறுந்துராம எடுங்க.”

புது மண்

கறிவேப்பிலை பிழைத்தது. வாழையில் பாதி போயிற்று. முதலில் விதைத்த வெண்டையைக் காட்டுப்பன்றிகள் ஒரே பாய்ச்சலில் தோண்டிப் போட்டுவிட்டன. மண் புளிப்பு, இலைகள் மஞ்சளாகவே வந்தன. ரெம்பியா லயத்திலிருந்து வருவதாகச் சொன்ன குடும்பங்களில் சில, அடுக்குமாடியிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டு, முடியவில்லை என்று நின்றுவிட்டன. அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. தங்கவேலு மாமா மட்டும் மாடில்லாத கையை என்ன செய்வது என்று தெரியாமல் தினமும் வந்து வேலி கட்டினார். மெர்லிமாவிலிருந்து முனியாண்டி அண்ணனும் செல்வியும் நாற்றுகளோடு மோட்டாரில் வந்தார்கள். செல்வி மருந்தடிக்கிற வேலையை விட்டிருந்தாள். அண்ணாச்சி கடைக் காய்த்தோலும் இலையும் இப்போது குழியில் மக்கி, நேராக மண்ணுக்கே போயின. மக்சிக்கின் மகன் அடுத்த விடுமுறைக்கு வந்தபோது, பன்றிக்குக் கம்பி வேலி கொண்டுவந்து கொடுத்துவிட்டு ரம்புத்தான் பறிக்கப் போய்விட்டான்.

ஒருவழியாக முதல் பசலைக் கட்டுகளைப் பாயா ரும்புட்டுக்குக் கொண்டுபோனேன். கமலா டீச்சர் வாங்கிச் சமைத்துவிட்டு மறுநாள் சொன்னார்: கொஞ்சம் கசக்குது, ஆனா கொண்டா. அதை அப்படியே போய்ப் பாக்கியம்மாவிடம் சொல்வதற்கு எனக்குப் பயம். சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் குச்சியைக் கீழே போட்டார். பிறகு பாத்தியைப் பார்த்தபடி சொன்னார்: “கசக்காம என்ன செய்யும்? அதுவும் வீடு மாறி வந்திருக்கில்ல.”

சொந்தத் தொழில் தொடங்கினால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம் என்று யாரோ சொன்னதை நானும் நம்பினேன். இப்போது மெர்லிமாவிலிருந்து பாயா ரும்புட் வரை விதைக்கிறவர், சமைக்கிறவர், சாப்பிடுகிறவர் எல்லாருக்கும், போதாததற்கு மழைக்கும் பன்றிக்கும், நான் ஒருத்திதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.